"நான் பாத்துக்கறேன், நீங்க போங்க!"

முன்குறிப்பு: பதிவு கொஞ்சம் நீளம். டீ சொல்லிவிட்டு உட்காரவும்.

குடும்ப நீதிமன்ற வராண்டாவில் அதிகம் புழங்கும் வாக்கியம் எது தெரியுமா? "எனக்கு விவாகரத்து வேணும்" இல்லை. "ஜீவனாம்சம் குடு" இல்லை. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர், போடாத ஒருவரிடம் நடந்துகொண்டே சொல்வது: "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க."

கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால், குடும்ப வழக்கில் கட்சிக்காரருக்கு நடக்கும் அநியாயத்தில் பாதி இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் கிளம்புகிறது. வக்கீல் காசு வாங்குவதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, உழைப்புக்குக் கூலி வேண்டும். வழக்கில் தோற்பதும் குற்றமில்லை, இரண்டு பேரில் ஒருவர் தோற்கத்தானே வேண்டும். என் புகார் வேறு. ஒரு மனுஷியின் கல்யாணம், ஒரு மனுஷனின் பிள்ளை, இரண்டு வீட்டு மானம் எல்லாம் அந்தக் கட்டுக்குள் கிடக்கிறது. அந்தக் கட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. தெரிவிக்கவும் மாட்டோம். "உங்களுக்குச் சொன்னா புரியாது."

"நாளைக்கு நீயும் அதே கோட்டைத்தானே மாட்டப் போறே, இப்பவே குலத்தொழிலைத் திட்டுறியா?" என்று வகுப்புத் தோழர்கள் கேட்பீர்கள். மாட்டப் போவதால்தான் எழுதுகிறேன். மாட்டிய பிறகு எழுதினால் யாரும் கேஸ் தரமாட்டார்கள் :-)

சட்டம் யாரைக் கதாநாயகன் ஆக்கியது?

1984இல் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் வந்தது. அதன் 13ஆவது பிரிவை ஒருதடவை படித்துப் பாருங்கள். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்து வாதாடுவது யாருக்கும் உரிமை கிடையாது என்கிறது அது. வேண்டுமானால் நீதிமன்றமே ஒரு சட்ட வல்லுநரின் உதவியைக் கேட்டுக்கொள்ளலாம். 9ஆவது பிரிவு, முதலில் சமரசத்துக்கு முயற்சி செய் என்று நீதிபதியையே சொல்கிறது. 6ஆவது பிரிவின்படி ஆலோசகர்கள் இருப்பார்கள். மொத்தத்தில், புருஷனும் பொண்டாட்டியும் தங்கள் வாயால் பேசட்டும், சட்ட வாசகம் குறுக்கே வராமல் இருக்கட்டும் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு.

நடைமுறையில் என்ன ஆனது? வக்கீல் ஆஜராக அனுமதி கேட்டு ஒரு மனு, அதற்கு ஒரு உத்தரவு, முடிந்தது. இதில் எனக்கு வருத்தமில்லை. வக்கீலே வேண்டாம் என்றால் அடிபடுவது எளியவர்தான். நாலு எழுத்து படித்த, பேசத் தெரிந்த, பணம் உள்ள புருஷனுக்கு எதிரே, கையில் குழந்தையோடு தனியாக நிற்கும் பெண் என்ன பேசிவிட முடியும்? வக்கீல் வேண்டும். நிச்சயம் வேண்டும். ஆனால் கட்சிக்காரரின் குரலாக வர அனுமதி வாங்கியவர், உள்ளே போனதும் கட்சிக்காரரின் வாயைப் பொத்துகிறார் பாருங்கள், அதுதான் என் சண்டை.

மற்ற வழக்குகளில் இது ஓரளவு ஓடிவிடும். வரப்புத் தகராறில் வக்கீல் சொல்லாவிட்டாலும் வரப்பு அங்கேயேதான் இருக்கும். குடும்ப வழக்கு அப்படியா? வழக்கு நடக்கும்போதே பிள்ளை வளர்கிறது, பள்ளிக்கூடம் மாறுகிறது, வாடகை ஏறுகிறது. எதிர்க்கட்சிக்காரர் யாரோ அல்ல, உங்கள் பலவீனம் அத்தனையும் தெரிந்த ஆள். தீர்ப்பு வந்த பிறகும் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அதே ஆளின் முகத்தில் விழிக்க வேண்டும். இப்படிப்பட்ட வழக்கில் இருட்டில் நிறுத்தப்படுபவர் எப்படி முடிவெடுப்பார்?

இந்த "பாத்துக்கறேன்" நாலு இடத்தில் வேலை செய்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கோபத்தை முதலீடு ஆக்குவது

முதல் நாள் வக்கீல் ஆபீசுக்கு வரும் ஆள் எரிந்துகொண்டு வருவார். அடி வாங்கியிருப்பார், ஏமாந்திருப்பார், சொந்தபந்தத்தில் தலைகுனிந்திருப்பார். அந்த நேரத்தில் அவரிடம் "என்ன வேணும்?" என்று கேட்டால் "அவங்க குடும்பத்தையே கோர்ட்டுக்கு இழுக்கணும்" என்றுதான் சொல்வார். நல்ல வக்கீல் இதைக் கேட்டுக்கொண்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்பார். மற்றவர்? பேனாவை எடுப்பார்.

விவாகரத்து மனு ஒன்று. ஜீவனாம்ச மனு ஒன்று (பழைய 125, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144). 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஒன்று. காவல் நிலையத்தில் கொடுமைப் புகார் ஒன்று. "நாலு பக்கமும் கட்டினாதான் வழிக்கு வருவான்." இந்த நாலுமே தேவைப்படும் பெண்கள் உண்டு, நிறையவே உண்டு. அவர்களைச் சொல்லவில்லை. தேவையா இல்லையா என்று கேட்காமலே, நாத்தனார், ஓரகத்தி, வெளியூரில் இருக்கும் மாமா வரை பெயர் சேர்த்துக் கொடுக்கும் பழக்கத்தைச் சொல்கிறேன். 2010இல் ப்ரீத்தி குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வக்கீல்களைப் பார்த்தே சொன்னது: சின்னச் சம்பவங்களைப் பெரிதாக்கி குற்றப் புகாராக்காதீர்கள், உங்களுக்குச் சமூகப் பொறுப்பு இருக்கிறது என்று. கூடுதல் பெயர்களால் உண்மையான புகாரும் சேர்ந்து பலவீனமாகிறது என்பதை அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது? நாலு வழக்கென்றால் நாலு இடத்தில் நாலு தேதிக்கு அலைய வேண்டும் என்பதை யார் சொல்வது?

ஆண்கள் பக்கம் மட்டும் யோக்கியமா? "சம்பளத்தைக் குறைச்சுக் காட்டுங்க." "வேலைய விட்டுட்டேன்னு சொல்லுங்க." "வீட்ட அம்மா பேருக்கு மாத்திடுங்க." "இழுத்தடிப்போம், அவங்களே அலுத்துப்போய் வருவாங்க." இதெல்லாம் சட்ட ஆலோசனை என்ற பெயரில் காசுக்கு விற்கப்படுகிறது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று படிவத்தோடு சொல்லிவிட்டது. மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் என்றும் சொன்னது. அதாவது, இழுத்தடிக்க இழுத்தடிக்க பாக்கி ஏறும். பிரமாணத்தில் பொய் சொன்னால் அது தனி வழக்கு. அதில் மாட்டப் போவது யோசனை சொன்ன வக்கீல் இல்லை, கையெழுத்துப் போட்ட அப்பாவி. இதைச் சொல்லிவிட்டா கையெழுத்து வாங்குகிறோம்?

2. வாய்தாவும் மௌனமும்

நான் இன்டர்ன்ஷிப் போன ஓர் ஆபீஸ். பெயர் வேண்டாம். வாய்தா முடிந்து வெளியே வந்த சீனியர் அடுத்த கோர்ட்டுக்கு ஓடிவிட்டார், ஜூனியர் பின்னாலேயே ஓடினார். முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா, விடியற்காலை ரயிலைப் பிடித்து பாரிமுனைக்கு வந்தவர், கட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற என்னிடம் கேட்டார்:

"தம்பி, இன்னிக்கு உள்ள என்ன நடந்துச்சு?"

"எதிர்தரப்பு கவுண்டர் போடல, டைம் கேட்டாங்க. அடுத்த மாசம் தள்ளியிருக்குக்கா."

"அப்ப இன்னிக்கு நான் வந்திருக்கவே வேண்டாமா?"

"..."

"போன தடவையும் இதான் நடந்துச்சா தம்பி?"

கட்டைப் பிரித்துப் பார்த்தேன். போன தடவையும் அதேதான். அதற்கு முந்தைய தடவையும். மூன்று தடவை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஒரு தடவைகூட எதற்கு வந்தோம், என்ன நடந்தது என்று தெரியாமலே திரும்பியிருக்கிறார். அவர் அழவில்லை, கத்தவில்லை. "இத யாராச்சும் போன்லயே சொல்லியிருந்தா நான் வேலைக்குப் போயிருப்பேனே" என்றார். அவ்வளவுதான்.

அவர் கேட்டது நீதி கூட இல்லை பாருங்கள். ஒரு வரித் தகவல்.

இந்து திருமணச் சட்டம் 24ஆவது பிரிவில், இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று 2001இலேயே சேர்த்துவிட்டார்கள். அதே சட்டத்தின் 21பி, முழு வழக்கையும் ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது. நடப்பு நமக்குத் தெரியும். நீதிபதி இடம் காலி, கோர்ட் புறக்கணிப்பு, நோட்டீஸ் திரும்பி வந்தது, ஆயிரம் காரணம். இதில் பலதும் வக்கீல் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். (புறக்கணிப்பு மட்டும் வக்கீல் கையில்தான் இருக்கிறது. வேலைநிறுத்தம் செய்ய வக்கீல்களுக்கு உரிமை கிடையாது என்று 2002இலேயே ஹரீஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.) ஆனால் தாமதம் யார் கையில் இருந்தாலும், தாமதத்தைச் சொல்வது வக்கீல் கையில் மட்டும்தான் இருக்கிறது.

3. கட்டும் காசும்

கட்சிக்காரர் ஒருநாள் பொறுமை இழந்து, "சார், நான் வேற வக்கீல் பாத்துக்கறேன், கட்ட குடுங்க" என்பார். அப்போதுதான் உண்மையான முகம் தெரியும். "பாக்கி பீஸ செட்டில் பண்ணிட்டு வாங்கிக்குங்க." கல்யாணப் போட்டோ, மருத்துவமனைச் சீட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அந்தக் கட்டுக்குள் பணயக் கைதி.

2000ஆம் ஆண்டிலேயே ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, தராமல் இருப்பது தொழில்முறை ஒழுங்கீனம். பீஸ் பாக்கி இருந்தால் தனியாக வசூலிக்க வழி இருக்கிறது. கட்டைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. எத்தனை கட்சிக்காரருக்குத் தெரியும்? நம் வகுப்பிலேயே எத்தனை பேருக்குத் தெரியும், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

இன்னொன்று பர்சன்டேஜ். "மொத்தமா செட்டில்மென்ட் வர்றதுல இவ்வளவு எனக்கு." பார் கவுன்சில் விதி 20 இதை நேரடியாகத் தடை செய்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசக் கூடாது, கிடைப்பதில் பங்கும் கேட்கக் கூடாது. ஏன் இந்த விதி? குடும்ப வழக்கில் காரணம் பளிச்சென்று தெரியும். சேர்ந்து வாழ்ந்தால் வக்கீலுக்குப் பங்கு இல்லை. மாதாமாதம் வரும் ஜீவனாம்சத்தில் பங்கு வாங்குவது கஷ்டம். மொத்தத் தொகை வாங்கிப் பிரிந்தால் மட்டும் பங்கு. அந்த வக்கீல் கட்சிக்காரருக்கு எந்த யோசனை சொல்வார் என்று நீங்களே சொல்லுங்கள்.

4. கையெழுத்துப் போடும் நாள்

ஒருவழியாகச் சமரசத்துக்கு வருகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் சமரச மையம் வந்தது, நாட்டுக்கே முன்னோடி. நல்ல விஷயம். ஆனால் மேசையில் உட்காரும் கட்சிக்காரருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது?

பரஸ்பர சம்மத விவாகரத்து (13பி) கேட்பதென்றால் ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் வந்தது. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தை விலக்கிக்கொள்ள இடமுண்டு என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். கோர்ட்டில் உறுதிமொழி கொடுத்து, காசும் வாங்கிய பிறகு விலகினால் அதற்குத் தனிச் சிக்கல் வரும், அதுவும் உண்மை. இவ்வளவையும் பத்து நிமிடத்தில் தமிழில் சொல்லிவிடலாம். சொல்வதற்குப் பதில் காதில் விழுவது: "இதுக்கு மேல கிடைக்காதும்மா, போட்டுடுங்க."

கட்சிக்காரரின் தெளிவான சம்மதம் இல்லாமல் அவர் உரிமையை விட்டுக்கொடுக்க வக்கீலுக்கு அதிகாரம் இல்லை என்று 2015இல் ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கையெழுத்து வாங்கிவிட்டால் சம்மதம் ஆகிவிடுமா? எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமல் போடுவது கையெழுத்து இல்லை, கிறுக்கல்.

வெளியே வந்தால் இரண்டு தரப்பு வக்கீலும் கேன்டீனில் ஒன்றாக டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் மனதில் "ரெண்டு பேரும் பேசிவெச்சு முடிச்சுட்டாங்க" என்று விழும். டீ குடித்ததில் தப்பே இல்லை. இரண்டு வக்கீல் முறைத்துக்கொள்ளாமல் இருப்பது குடும்ப வழக்குக்கு நல்லதும்கூட. ஆனால் சொல்லாமல் செய்தால் நல்லதும் சதியாகத்தான் தெரியும்.

வக்கீல் தரப்பு வாதம்

எதிர்வாதமும் கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும்.

"தம்பி, நீ படிக்கிற பையன். ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணி, 'அவர் இன்னிக்கு வாட்ஸ்அப்ல டிபி மாத்திட்டாரு சார்'னு அழுவாங்க. நான் வக்கீலா, மனோதத்துவ டாக்டரா? முக்கியமான விஷயத்தை மறைச்சுடுவாங்க, குறுக்கு விசாரணையிலதான் எனக்கே தெரியும். பீஸ் பேசும்போது சரிம்பாங்க, அப்புறம் போனே எடுக்கமாட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் பாடம் எடுத்தா நான் எப்ப கோர்ட்டுக்குப் போறது?"

எல்லாம் உண்மை. குடும்ப வழக்குக் கட்சிக்காரர் மாதிரிக் கஷ்டமான கட்சிக்காரர் கிடையாது. வக்கீலுக்கும் வீடு வாசல் உண்டு, ராத்திரி தூங்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவில் ஆஸ்டின் சாரட், வில்லியம் ஃபெல்ஸ்டினர் என்று இரண்டு ஆய்வாளர்கள், விவாகரத்து வக்கீலும் கட்சிக்காரரும் அறைக்குள் பேசுவதை அருகிலிருந்து கேட்டு, ஒலிப்பதிவு செய்து, 1995இல் புத்தகமாகப் போட்டார்கள். கட்சிக்காரர் திரும்பத் திரும்ப "ஏன் இப்படி ஆச்சு, யார் தப்பு" என்று பேசுகிறார். வக்கீல் அதைத் தொடாமல் சொத்து, தொகை, பேரம் என்று இழுக்கிறார். இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு விவாகரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்றும் பார்த்தார்கள். வக்கீல்கள் சட்டத்தை ஒழுங்கான ஒன்றாக விளக்குவதில்லை, "அந்த ஜட்ஜ் ஒரு மாதிரி, இந்தக் கோர்ட் ஒரு மாதிரி, உள்ளே பழக்கம் இருக்கிறவனுக்குத்தான் தெரியும்" என்ற பாணியிலேயே பேசுகிறார்கள். அப்படிப் பேசினால் கட்சிக்காரர் வக்கீலை விட்டு நகரவே முடியாதே!

கலிபோர்னியாவுக்கும் பாரிமுனைக்கும் எவ்வளவு தூரம்? இந்த விஷயத்தில் ஒரு தெரு தூரம்தான் போல.

ராத்திரிப் போனுக்கு என் பதில் இது. கட்சிக்காரர் பதினோரு மணிக்குக் கூப்பிடுவது ஏன்? பகலில் யாரும் சொல்லவில்லை. தகவல் இல்லாத இடத்தைப் பயம் வந்து நிரப்பும். அழுகைக்கு வக்கீல் மருந்து போட வேண்டாம், அதற்கு ஆலோசகர்கள் உண்டு, அங்கே அனுப்புங்கள். வக்கீல் தர வேண்டியது ஆறுதல் இல்லை, தகவல். தேதி என்ன, என்ன நடந்தது, அடுத்து என்ன, எவ்வளவு செலவு, எது கிடைக்கும், எது கிடைக்காது. இது தெரிந்தாலே பாதிப் போன்கள் நின்றுவிடும் என்பது என் பந்தயம்.

இங்கிலாந்தில் 1982இல் குடும்ப வழக்கறிஞர்கள் சிலர் தாங்களாகவே சங்கம் வைத்து, சண்டையை வளர்க்கமாட்டோம் என்று நடத்தை நெறி எழுதிக்கொண்டார்கள். இன்று அதன் பெயர் ரெசல்யூஷன். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து ஸ்டூவர்ட் வெப் என்ற வக்கீல் 1990இல் வெறுத்துப்போய், "இனிமேல் கோர்ட்டுக்கே போகமாட்டேன், பேசித் தீர்க்க மட்டும்தான் வருவேன், பேச்சு முறிந்தால் நான் விலகிக்கொள்வேன்" என்று ஆரம்பித்தார். சண்டை நீண்டால் தனக்கு லாபம் இல்லை என்று அவரே ஏற்படுத்திக்கொண்ட கட்டுப்பாடு அது. அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. ஆனால் மாற்றம் மேலிருந்து வரவில்லை, வக்கீல்களே செய்துகொண்டார்கள் என்பதைக் கவனிக்கவும்.

இருப்பதிலேயே பெரிய ஜோக்

டாக்டர் சேவையில் குறை என்றால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம், 1995இலிருந்து. வக்கீல் சேவையில் குறை என்றால்? போக முடியாது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது (டி.கே.காந்தி வழக்கு). காரணங்களில் முக்கியமான ஒன்று என்ன தெரியுமா? வக்கீல் மீது கட்சிக்காரருக்குக் கணிசமான நேரடிக் கட்டுப்பாடு இருக்கிறது, வக்கீல் அவர் சொன்னபடிதான் நடக்க வேண்டியவர், ஆகவே இது தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்பது.

அந்த அக்காவை நினைத்துப் பார்க்கிறேன். மூன்று வாய்தா அலைந்தும் என்ன நடந்தது என்று தெரியாதவர், சட்டத்தின் பார்வையில் தன் வக்கீலைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறார்!

தீர்ப்பைக் குறை சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு நமக்குப் பரிசு மட்டும் இல்லை, கடனும்தான். எஜமான் கட்சிக்காரர் என்று சொல்லித்தானே நுகர்வோர் நீதிமன்றத்திலிருந்து தப்பினோம்? அப்படியானால் எஜமானை எஜமானாக நடத்த வேண்டும். மிச்சம் இருக்கும் கதவு 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவு, மாநில பார் கவுன்சிலில் புகார். அங்கே வக்கீலை விசாரிப்பதும் வக்கீல்கள்தான். சொந்த வீட்டுப் பஞ்சாயத்து. அதனால் பொறுப்பு நமக்கு இரட்டிப்பு.

என்ன செய்யலாம்?

காசு செலவில்லாத நாலு காரியம். சக மாணவர்களுக்காக:

1. வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே, தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். என்ன வழக்கு, என்ன கேட்கிறோம், பீஸ் எவ்வளவு, எதற்கெல்லாம் தனிச் செலவு.

2. ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் இரண்டு வரிச் செய்தி. "கவுண்டர் போடவில்லை. அடுத்த தேதி இது. நீங்கள் வர வேண்டாம் / வர வேண்டும்." ஜூனியர் அனுப்ப ஒரு நிமிடம் ஆகும்.

3. தாக்கல் செய்யும் எல்லாவற்றிலும் ஒரு நகல் கட்சிக்காரருக்கு. கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டி, அவர் "இது நான் சொல்லலியே" என்றால் திருத்துங்கள்.

4. முதல் நாளிலேயே கிடைக்காததைச் சொல்லுங்கள். "அவரை ஜெயில்ல போடணும்", "குழந்தையை அவங்க கண்ணுலயே காட்டக் கூடாது" என்று கேட்டால், "அது நடக்காது, நடந்தாலும் உங்க பிள்ளைக்கு நல்லதில்ல" என்று சொல்லும் தைரியம் வேண்டும். கேஸ் போனால் போகட்டும்.

கட்சிக்காரராக இருந்து இதைப் படிப்பவர்களுக்கு:

உங்கள் வழக்கின் சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், 16 எழுத்தும் எண்ணும் கலந்தது. இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ போட்டால் அடுத்த தேதியை நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள், அசல் காகிதம் கொடுத்தால் நகல் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீலை மாற்றுவது உங்கள் உரிமை. அவர் சம்மதிக்காவிட்டால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றலாம். வக்கீலே விலகினாலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், செய்யாத வேலைக்கான பீஸைத் திருப்பித் தர வேண்டும் (விதி 12). பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்தின் 12ஆவது பிரிவில். 15100க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். கடைசியாக, உங்கள் வக்கீலிடம் பொய் சொல்லாதீர்கள். அவர் உங்களை இருட்டில் நிறுத்தக் கூடாது என்றால் நீங்களும் அவரை நிறுத்தக் கூடாது.

நல்ல குடும்ப வக்கீல்கள் இருக்கிறார்கள். வழக்கே வாங்காமல் இரண்டு பேரையும் பேசவைத்து அனுப்பியவர்களை, பீஸ் வாங்காமல் நடத்தியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஒரு பொதுக் குணம் உண்டு. "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லமாட்டார்கள். "உக்காருங்க, சொல்றேன்" என்பார்கள்.

மூன்றே வருடத்தில் நாமும் அந்த வராண்டாவில் இருப்போம். எதைச் சொல்லப் போகிறோம்?

டிஸ்கி: இது சட்ட ஆலோசனை அல்ல. படிக்கிற பையனின் புலம்பல். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீலைத்தான் கேட்க வேண்டும். அவர் "நான் பாத்துக்கறேன்" என்றால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை கேளுங்கள்.